கணக்கில் வராத காய்: எடமாமேயும் கல்வராயன் மலைத் துவரையும்

பெரிய நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் உறைய வைத்த பச்சைக் காய் ஒன்று பாக்கெட்டில் விற்கப்படுகிறது. பெயர் எடமாமே. ஜப்பானிய உணவகங்களில் சாப்பாட்டுக்கு முன் உப்புத் தூவி ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். காயை வாயில் வைத்துப் பல்லால் இழுத்தால் பருப்பு உள்ளே போகும், தோல் வெளியே வரும். உடல்நலப் பத்திரிகைகள் இதைப் புதிய கண்டுபிடிப்பைப் போல எழுதுகின்றன. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2008இல்தான் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

எடமாமே என்பது வேறொன்றும் இல்லை. முற்றாத சோயா மொச்சை. தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்தது.

இதைப் படிக்கும் சேலம், தருமபுரி, கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு உடனே வேறொரு காய் நினைவுக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் வண்டியில் குவித்து வைத்து, ஆவி பறக்கப் பறக்க அளந்து போடுவார்களே, அந்தத் துவரங்காய்! அதே பச்சை நிறம், அதே உப்புத் தண்ணீர், அதே பல் வேலை. அது தாளில் மடித்துக் கொடுக்கப்படுகிறது, இது பாக்கெட்டில் வருகிறது. வெளியே தெரியும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இரண்டின் வரலாறும் வேறு. ஒன்று உலகச் சந்தைக்குப் போனது. மற்றொன்று எந்தக் கணக்கிலும் ஏறாமல் வீட்டு அடுப்போடு நின்றுவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

கிளையோடு விற்ற காய்

சோயா பயிராக மாறியது சீனப் பகுதியில். அங்கே பச்சைக் காய்க்கு மாவ்தோ என்று பெயர். காயின் மேல் பூனைமுடி போல மயிர் இருக்கும், அதனால் 'மயிர்ப் பயறு' என்று பொருள்படும் பெயர். ஜப்பானில் அதற்கு எடமாமே. எட என்றால் கிளை, மாமே என்றால் பயறு. செடியைக் கிளையோடு வெட்டி, அப்படியே வேகவைத்துத் தெருவில் விற்றதால் வந்த பெயர் இது. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில் கோடைக்காலத்தில் இப்படி விற்பது வழக்கமாக இருந்தது.

இந்தச் சொல்லுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுவது 1275ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி, தமக்குப் பச்சைப் பயறு அனுப்பியவருக்கு நன்றி சொல்லி எழுதியது. ஆக, 700 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இன்னொருவருக்கு அன்பாக அனுப்பும் பொருளாக அது இருந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் செடி எங்கே வளர்ந்தது என்பது. ஜப்பானிய விவசாயிகள் சோயாவைத் தனி வயலில் மட்டும் போடவில்லை, நெல் வயலின் வரப்புகளிலும் ஊன்றினார்கள். அந்தக் காலத்தில் நிலத்தின் மதிப்பையும், ஆண்டைக்குக் கட்ட வேண்டிய வரியையும் நெல்லில்தான் கணக்கிட்டார்கள். வயல் நடுவில் விளைந்தது பெரும்பாலும் வரிக்குப் போனது. வரப்பில் விளைந்தது வீட்டுச் சட்டிக்கு வந்தது.

நம் ஊர் விவசாயிக்கும் இது தெரியாத வேலை இல்லை. வரப்பில் துவரையும் வேலியில் அவரையும் போடுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். அளக்கப்படும் நிலத்தின் ஓரத்தில், அளக்கப்படாத ஒரு பயிர்.

பருப்பு ஏட்டில், காய் சட்டியில்

பயறு வகைகள் தமிழருக்குப் புதியவை அல்ல. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் முக்கியமான உணவுகள் என்று நான்கை மட்டும் எண்ணுகிறார்: வரகு, தினை, கொள், அவரை. நான்கில் இரண்டு தானியம், இரண்டு பயறு. நான்கும் வானம் பார்த்த புன்செய் நிலத்தில் விளைபவை. நெல்லுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

துவரை இந்தியாவிலேயே பயிராக மாறிய செடி. அதன் காட்டு உறவினர் செடி கிழக்கு இந்தியாவின் மலைக்காடுகளில் இன்றும் வளர்கிறது. இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியத் தீவுகளுக்கும் போனது. புவேர்ட்டோ ரிக்கோவில் அரிசியோடு பச்சைத் துவரையைச் சேர்த்துச் சமைப்பது திருநாள் சாப்பாடு. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் குளிர்காலத்தில் பச்சைத் துவரங்காயைத் தோலோடு வேகவைத்துத் தின்கிறார்கள்.

ஆனால் நம்முடைய கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் துவரையைத் தேடினால் கிடைப்பது பருப்பு மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் அமுதுக்கு வேண்டிய அரிசி, நெய், பருப்பு, மிளகு ஆகியவற்றை அளவோடு குறிக்கின்றன. பருப்பை உலர்த்தலாம், அளக்கலாம், மூட்டை கட்டலாம், வண்டியில் ஏற்றலாம், ஆறு மாதம் வைத்திருக்கலாம். அதனால் அதற்கு வரி போடலாம், வட்டிக்குக் கொடுக்கலாம், விலை ஏறும்வரை பதுக்கவும் செய்யலாம். பச்சைக் காயை அப்படிச் செய்ய முடியாது. இரண்டு நாள் வைத்தால் வாடிவிடும்.

இங்கே செடியின் இயல்பையும் சொல்ல வேண்டும். காய் நிறைந்து, பச்சை மாறாமல் இருக்கும் சில நாட்களில் பருப்பில் சர்க்கரை அதிகம், ஈரம் அதிகம். அதனால்தான் இனிக்கிறது, சீக்கிரம் வேகிறது. முற்ற முற்ற இனிப்புக் குறையும், ஈரம் வற்றும், தோல் கடினமாகும். இனிப்பான நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் பறித்துத் தின்ன முடிவது செடிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரால்தான்.

கரியாலூரைச் சுற்றி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மேலே ஏறினால் கரியாலூரும் வெள்ளிமலையும் வரும். சுற்றுலா வருபவர்களுக்குப் படகுத்துறையும், அருவிகளும், கோடை விழாவும் தெரியும். கல்வராயன் மலையின் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி வரலாறு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை பழைய பயிர்கள். சாமைக் காட்டில் ஊடே துவரை, மொச்சை போடுவார்கள். சாமை முதலில் அறுவடையாகும். துவரை நின்று, பனிக்காலத்தில் காய்க்கும். தானியம் குறையத் தொடங்கும் நேரத்தில் காய் கைக்கு வரும். ஒரே நிலம், ஒரே மழை, இரண்டு முறை சாப்பாடு. துவரையின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும்.

இந்த மலையின் அரசியல் வரலாறு சமவெளியைப் போன்றது அல்ல. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இந்த ஊர்கள் இருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று சொல்லப்படுவது உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலும் ஜாகிர் தொடர்ந்தது. 1947இல் நாடு விடுதலை அடைந்த பிறகும் தொடர்ந்தது! 1976இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்து மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதுவரை மக்கள் வரி கட்டியதும் உழைப்பைக் கொடுத்ததும் ஜாகிருக்குத்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்து விசாரித்தபோது, 1976 என்ற இந்த ஆண்டு பலருக்கு முதல் முறையாகத் தெரிய வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் பச்சைக் காய் வெறும் தின்பண்டம் ஆகாது. களத்துக்கு வந்த தானியத்தில் யார் யாருக்குப் பங்கு என்பது முன்பே முடிவானது. களத்துக்கு வராமல் செடியிலிருந்து நேராகச் சட்டிக்குப் போனதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. காட்டுக்குப் போய்த் திரும்பும்போது மடியில் கட்டிக்கொண்டு வரும் இரண்டு கைப்பிடி காயை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத முடியாது. ஜப்பானில் வரப்பு செய்த வேலையை இங்கே பச்சைக் காய் செய்தது எனலாம்.

சோயா ஏன் வீட்டுக்குள் வரவில்லை?

சோயா இந்தியாவுக்கு வராமல் இல்லை. வடகிழக்கு மலைகளில் அது பழைய பயிர். நாகாலாந்தில் அதைப் புளிக்கவைத்து அக்குனி செய்கிறார்கள், மணிப்பூரில் அதற்கு ஹவாய்ஜார் என்று பெயர். தென்னிந்தியாவுக்குத்தான் அது அந்நியம்.

காந்தியடிகள் அதில் அக்கறை காட்டினார். 1935இல் வார்தாவில் உள்ள மகன்வாடியில் இருந்தவர்களுக்குச் சோயாவைக் கொடுத்துப் பார்த்து, ஹரிஜன் இதழில் அதைப் பற்றி எழுதினார். மலிவான புரதம் ஏழைக்குக் கிடைக்குமா என்பதே அவருடைய கேள்வி. அதே மகன்வாடியில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர். வணிகவியல் படிப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். பணத்தில் எழுதும் கணக்கு மட்டுமே கணக்கு அல்ல என்பதைத் தம் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர் அவர்.

ஆனாலும் சோயா இந்தியச் சமையலறையில் அப்போது வேரூன்றவில்லை. உலர்ந்த சோயா துவரம் பருப்பைப் போலக் குழைந்து வேகாது. அதற்கு ஒரு பச்சை வாடையும் உண்டு. வேகாமல் தின்றால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. வேகவைத்த சோயாவைத் தின்ற எலிகள்தான் நன்றாக வளர்ந்தன என்பதை ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1917இலேயே காட்டினார்கள்.

1960களில் சோயா வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும், ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அமெரிக்க ரகங்களைச் சோதித்தன. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் மண்ணில், மழைக்காலத்தில் சும்மா கிடந்த நிலத்தில் அது பரவியது. அங்கிருந்து மகாராஷ்டிரத்துக்கும் போனது. ஆனால் விளைந்தது சட்டிக்குப் போகவில்லை, ஆலைக்குப் போனது. எண்ணெய் எடுத்தார்கள், மிஞ்சிய புண்ணாக்கு கோழித் தீவனமாகவும் ஏற்றுமதியாகவும் போனது. கொழுப்பு எடுத்த மாவை எந்திரத்தில் அழுத்திச் செய்த உருண்டைதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுதான் மீல் மேக்கர்! கல்யாண வீட்டுக் குருமாவிலும் மெஸ் பிரியாணியிலும் மீல் மேக்கரைத் தின்னாத தமிழர் இருக்க முடியாது. அவர்களில் சோயாச் செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதோடு வேர்க்கடலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் வெளிநாட்டுப் பயிர்தான், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பரவி, புதுச்சேரி வழியாக பிரான்சின் மார்செய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலில் போனது. அதுவும் வியாபாரியின் பயிர், ஆலையின் பயிர். இருந்தும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் பச்சை மல்லாட்டையைத் தோலோடு வேகவைத்துத் தின்பது இன்று பரம்பரைப் பழக்கம் போல ஆகிவிட்டது. காரணம் எளிது. செடி தங்கள் காட்டிலேயே இருந்தது, பிடுங்கியவுடன் அடுப்பில் வைக்க முடிந்தது. காயைத் தோலோடு வேகவைக்கும் கை ஏற்கெனவே பழகியிருந்தது. சோயாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை, நம்மிடம் அது வந்ததே மாவாகத்தான்.

சோயாக் காயையும் காய்கறியாக இங்கே வளர்க்கலாம். ராஞ்சியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் நிலையம் ஸ்வர்ண வசுந்தரா என்ற காய்கறிச் சோயா ரகத்தை வெளியிட்டிருக்கிறது. வீட்டில் காய் கிடைத்தால் செய்முறை கடினம் அல்ல. காயில் கல் உப்புப் போட்டுக் கையால் தேய்த்தால் மேல் மயிர் போகும். கொதிக்கும் தண்ணீரில் உப்போடு போட்டு ஐந்தாறு நிமிடம், பருப்பு மெத்தென்று ஆகும் வரை வேகவிட்டு வடிக்க வேண்டும். தோலைத் தின்னக் கூடாது. துவரங்காய் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம், 15 முதல் 20 நிமிடம். மொச்சைக்காயும் அப்படியே. மூன்றுக்கும் மசாலா வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

சத்துக் கணக்கில் சோயா முந்தும். உலர்ந்த சோயாவில் 100 கிராமுக்கு 36 கிராம் அளவில் புரதம், துவரம் பருப்பில் 22 கிராம் அளவில். பச்சையாக இருக்கும்போது ஈரம் அதிகம் என்பதால் இரண்டிலும் அளவு குறையும். வரிசை மட்டும் மாறாது.

இன்றைய நிலை

துவரங்காயின் இன்றைய ஆபத்து எடமாமே அல்ல, மரவள்ளி. சேலம், ஆத்தூர்ப் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்ட அளவுக்குப் பெரிய தொழில் அது. கல்வராயன் மலையிலும் மரவள்ளி முக்கியப் பணப்பயிர். கிழங்கு லாரி ஏறினால் கையில் மொத்தமாகப் பணம் வரும். பிள்ளைகளின் படிப்புக்கும், கடனுக்கும், மருத்துவத்துக்கும் பணம் வேண்டும். அதனால் மலை விவசாயி மரவள்ளிக்கு மாறுவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் சாமைக் காடு மரவள்ளிக் காடாகும்போது, சாமையோடு சேர்ந்து அதன் ஊடே நின்ற துவரையும் மொச்சையும் போகின்றன. வரவுப் பக்கத்தில் கிழங்கு விற்ற தொகை தெரிகிறது. இழந்த காய்க்கு ஏட்டில் எதிர்ப்பதிவு இல்லை, ஏனென்றால் அது முன்பும் ஏட்டில் இருந்ததில்லை. துவரை விளைச்சல் என்று அரசு வெளியிடும் புள்ளிவிவரம் உலர்ந்த மணியைத்தான் சொல்கிறது. அறுவடைக்கு முன் பறித்துத் தின்ற காய் அதில் சேராது. எனவே அது குறைந்தாலும் எந்த அறிக்கையிலும் குறைவு தெரியாது.

மறுபக்கம் பாருங்கள். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு கொடுக்கப்படுகிறது. நல்ல திட்டம், ஏழை வீட்டுக்குப் பெரிய உதவி. ஆனால் உலகிலேயே அதிகம் துவரை விளையும் நாடான இந்தியா, தேவை போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா, மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் துவரையை வாங்குகிறது. தன் காட்டில் துவரை நின்ற ஒரு மலைவாசி, மரவள்ளி விற்ற பணத்தோடு பருப்புக்காக வரிசையில் நிற்கிறார். வாங்கும் பருப்பு குழம்புக்கு ஆகும். வேகவைத்து உரித்துத் தின்னும் காய் எந்த ரேஷன் கடையிலும் கிடைக்காது. மாலையில் குழந்தைகள் கையில் காய்க்குப் பதில் ஐந்து ரூபாய் பாக்கெட் வருகிறது.

ஜப்பான் எடமாமேயைக் கணக்குக்குள் கொண்டு வந்தது. ரகம் பிரித்தார்கள், உறைய வைத்தார்கள், ஊர்ப் பெயரோடு விற்றார்கள். கல்வராயன் துவரங்காய்க்கும் அதே பாதை வேண்டுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். உறைய வைத்த பாக்கெட்டுக்கு ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், தடையில்லாத சாலை வேண்டும். லாபம் யாருக்குப் போகும் என்பதும் தெரிந்ததே. அதைவிடச் சின்ன வேலைகள் இருக்கின்றன. மரவள்ளியின் நடுவில் ஒரு வரிசை துவரை. கரியாலூர் கோடை விழாவில் பூக்களுக்குப் பக்கத்தில் மலைப் பயறு விதைகளுக்கு ஒரு மேசை. மலைப் பள்ளிகளின் சத்துணவில் பருவ காலத்தில் வாரம் ஒரு நாள் வேகவைத்த காய், அதுவும் அந்த ஊர்க் காட்டிலேயே வாங்கியது. இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. முதலில் அந்தக் காயும் ஒரு வரவுதான் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த மார்கழியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் போகிறவர்கள் வண்டியில் துவரங்காய் கண்டால் ஒரு படி வாங்கிப் பாருங்கள். அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேட்டும் பாருங்கள்.